லெசோத்தோவுக்கு இரண்டு டிக்கெட்

பிப்ரவரி 3, திங்கள்

முதலாளி இன்று தன் அறையிலிருந்து எழுந்து வந்து என் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் அப்படி வந்து உட்கார்ந்தால் தலைக்குள் ஏதோ யோசனை முளைத்திருக்கிறது என்று பொருள். போன வருடம் இதே மாதிரி உட்கார்ந்துதான் பனிக்கட்டியால் கட்டிய ஹோட்டலுக்கு ஆள் அனுப்பப் போகிறேன் என்றார். ஒருவர்கூட வரவில்லை. ஆபீஸ் ஏசியைக் கொஞ்சம் கூட்டினாலே தும்முகிற வாடிக்கையாளர்கள் எங்களுடையவர்கள்.

இந்த முறை ஆப்பிரிக்கா. எல்லா ஏஜென்சிக்காரர்களும் அதே நாலு நாட்டை, அதே சிங்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்களாம். நாம் அதிகம் பேர் போகாத நாடுகளைக் காட்டவேண்டுமாம். ஏழெட்டு நாடு, நாட்டுக்கு ஒரு பக்கம், மாதக் கடைசிக்குள். எழுதவேண்டியது நான். இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் மேசையில் இருப்பதால் எனக்கு உலகமே அத்துப்படி என்று அவருக்கு நினைப்பு. எனக்கு அத்துப்படியானது விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகள். என் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு முத்திரை இருக்கிறது. மூன்று நாள் பயிற்சி வகுப்பு. வகுப்பும் தங்கிய ஹோட்டலும் ஒரே கட்டடம்.

“கண்ணுக்கு விருந்தா இருக்கணும் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னலோர நாற்காலியில், விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஏன் இருட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு விளக்கைப் போட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

இன்றோடு நூற்றிருபது நாள். அவர் தானாகக் கேட்டைத் தாண்டி.

பிப்ரவரி 9, ஞாயிறு

நானே பின்னால் இதைப் படித்தால் புரியவேண்டும், எழுதி வைக்கிறேன். இருபத்தேழு வருடம் தொலைதூரப் பேருந்து ஓட்டினவர். ஒரு விபத்து கிடையாது. போன அக்டோபரில் இடது ஓரமாக வந்த சைக்கிள்காரரை அவர் பார்க்கவேயில்லை. பயணி ஒருவர் கத்தியதால் பிரேக் போட்டார். மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம். கிளாக்கோமா. ஓரப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, இனித் திரும்பாது. குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. சாவியை டிப்போவில் கொடுத்துவிட்டு வந்தவர்தான். மருத்துவமனையைத் தவிர எங்கும் போவதில்லை. கூட வேலை பார்த்தவர்களிடம் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறார். உண்மை தெரிந்தது எனக்கும், அடுத்த தெருவில் இருக்கிற நாத்தனாருக்கும், டாக்டருக்கும் மட்டும்.

கையைப் பிடித்தால் உதறுகிறார். குச்சி என்ற சொல்லையே எடுக்கக்கூடாது. இப்படியே நாற்காலியோடு நாற்காலியாக ஆகிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் என் கவலை, வேறு ஒன்றுமில்லை.

சரி, ஆப்பிரிக்கா. சமையலறை மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, படித்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். அப்படித்தான் எனக்கு மனதில் நிற்கும். காம்பியா: ஓர் ஆறும் அதன் இரண்டு கரையும்தான் நாடு, சட்டையில் கையை மட்டும் தைத்து வைத்தது மாதிரி ஒடுக்கம். ஐந்நூறுக்கு மேல் பறவை இனங்கள். சாவோ தொமே, பிரின்சிப்பே: நிலநடுக்கோட்டை ஒட்டி இரண்டு தீவுகள், பழைய கொக்கோ தோட்டங்கள். மலாவி: நாட்டின் நீளத்துக்குப் படுத்திருக்கிற ஏரி. கேப் வெர்டே: எரிமலைக் குழிக்குள்ளேயே திராட்சை பயிரிட்டு, வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். மலை பொங்கினால் வெளியேறிவிட்டு, ஆறினதும் திரும்பி வந்து அதே இடத்தில் கட்டுகிறார்களாம். கொழுப்பா, தைரியமா தெரியவில்லை. கொமொரோஸ்: வாசனைத் திரவியத்துக்கான பூவை உலகத்துக்கு அனுப்புகிற தீவுகள். கினி-பிசாவு: கடல் தண்ணீரில் இறங்குகிற நீர்யானைகள். (கினி என்ற பெயரில் ஆப்பிரிக்காவிலேயே மூன்று நாடு இருக்கிறது. சேர்ந்த புதிதில் ஒருவரை வேறு கினிக்கு அனுப்பப் பார்த்தேன்.)

எழுதி முடித்துப் படித்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. கண்கொள்ளாக் காட்சி. கண்ணைப் பறிக்கும் நீலம். கண் இமைக்க மறப்பீர்கள். ஆறு நாட்டுக்கும் கண், கண், கண். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அறிவு இருக்கிறதா?

அப்புறம் குரலைத் தாழ்த்தி லெசோத்தோவைப் படித்தேன். நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காவே சூழ்ந்திருக்கிற மலை நாடு. முழு நாடும் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே. கிழக்கிலிருந்து ஏற ஒரு கணவாய்ப் பாதை, சானி என்று பெயர். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் ஏறும்.

ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. “ரோடு தாரா, மண்ணா?”

நான்கு மாதத்தில் அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மண் என்று சொன்னேன். நிஜமாக எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 10, திங்கள்

தெரிந்துகொண்டேன். கரடுமுரடான மண்ணும் கல்லும், அடிப்பகுதியில் தார் போடுகிற வேலை நடக்கிறது. நல்லவேளை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இப்போதெல்லாம் நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் “அந்த ரோடு” என்று ஆரம்பிக்கிறார். சில இடத்தில் ஏற்றம் மூன்றுக்கு ஒன்று என்று படித்தேன். எனக்கு விளங்கவில்லை. பருப்பு டப்பாவின் மேல் கரண்டியைச் சாய்த்து வைத்துக் காட்டினார். மூன்றடி போனால் ஓரடி ஏறுவது. நம் மொட்டைமாடிப் படிக்கட்டு கொஞ்சம்தான் கூட என்றார். அதில் எவனாவது வண்டி ஓட்டுவானா என்று கேட்டேன். சிரித்தார்.

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கிறார். முழுப் படமும் அவருக்கு ஒரே நேரத்தில் வராது. ஒரு வளைவு, அப்புறம் அடுத்தது. எனக்கு ஒரே பார்வையில் தெரிகிற மலையை அவர் அரைமணி நேரம் ஏறினார்.

பிப்ரவரி 20, வியாழன்

ஏழு பக்கத்தையும் கொடுத்தேன். முதலாளி நின்றுகொண்டே படித்துவிட்டு, லெசோத்தோ பக்கத்தில் ஏன் இவ்வளவு கியர் சமாச்சாரம் என்று கேட்டார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். விற்பதற்கு முன்னால் நம் ஆள் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். ஒருவர், துணைக்கு ஒருவர். “நீங்க எழுதினது, நீங்களே போங்க அக்கா. சாரைக் கூட்டிட்டுப் போங்க. முதுகு பரவாயில்லையில்ல?” இவருக்கும் முதுகுவலிக் கதைதான்.

பேருந்தில் வரும்போது “போய்ப் பார்த்துட்டு வாங்க” என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் எதைத்தான் பார்க்காமல் விடுகிறோம். சாப்பிட்டுப் பார், கேட்டுப் பார், தொட்டுப் பார், மோந்து பார், யோசித்துப் பார். நாக்கு, காது, விரல், மூக்கு, மூளை எல்லாவற்றையும் பார்க்க வைத்திருக்கிறோம். இதை அவரிடம் சொன்னால் ஆறுதல் சொல்ல வந்துவிட்டாள் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். சொல்லவில்லை.

பயணத்தை மட்டும் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபடி, “நான் எதுக்கு?” என்றார். ரோட்டைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது, நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றேன்.  முடியாது என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

பிப்ரவரி 26, புதன்

டாக்டரிடம் போனோம். விமானத்தில் போகலாமாம், சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடவேண்டும். அவர் ரத்த அழுத்தம் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனதும் நான் கேட்டேன், இன்னும் எவ்வளவு நாள்? டாக்டர் ஒளிவுமறைவு இல்லாத பெண்மணி. “வருஷக்கணக்கு சொல்ல மாட்டேன்மா. ஆசைப்பட்டதைத் தள்ளிப்போடாதீங்க” என்றார்.

வெளியே வரும்போது வரிசையில் கிடந்த நாற்காலியில் இடித்துக்கொண்டார். கையை நீட்டினேன், உதறினார். நாற்காலியைப் போட்ட புண்ணியவானைத் திட்டிக்கொண்டே வீடு வரை வந்தார்.

மார்ச் 11, செவ்வாய்

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் ஆள் போலீஸில் மாட்டினவர் மாதிரி முழிக்கிறார். வருகிறேன் என்று அவர் வாயால் ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனால் ஸ்வெட்டர் எடுத்து வெயிலில் போட்டிருந்தார். மே மாதம் அங்கே குளிர் தொடங்கிவிடும் என்று நான் எப்போதோ படித்தது காதில் விழுந்திருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

இன்று புக்கிங் போட்டேன். இத்தனை வருடத்தில் என் பெயரை நானே அடிப்பது இரண்டாம் முறை. இரண்டு பேர், அடுத்தடுத்த இருக்கை, சைவச் சாப்பாட்டுக்கு அதற்கான நாலெழுத்து. விமான நிறுவனங்களின் கணினியில் எல்லாவற்றுக்கும் நாலெழுத்து உண்டு. சக்கர நாற்காலி, கைக்குழந்தை, கூண்டில் பூனை. அவர் பெயருக்கு நேராக பி, எல், என், டி என்று அடித்தேன். பார்வையற்ற பயணி. அதைப் போட்டால் வாசலிலேயே ஆள் வந்து நிற்பார்கள், முதலில் ஏற்றுவார்கள், மாறுகிற ஊரில் அலைய வேண்டாம். ஒரு நொடியில் உறுதியாகிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சரிபார்த்தேன். நல்ல வேலை செய்த திருப்தி.

மார்ச் 20, வியாழன்

எல்லாம் போயிற்று.

பயண விவரத் தாளை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். அவருக்குக் காட்டலாம் என்றுதான். நான் அடுப்படியில் இருக்கும்போது நாத்தனார் வந்திருக்கிறாள். எழுத்து பொடியாக இருக்கவே, நேரத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு எதை எடுத்தாலும் முழுக்க வாசிக்க வேண்டும். மருந்துச் சீட்டின் முகவரியைக்கூட விடமாட்டாள். புறப்படும் நேரம், இறங்கும் நேரம், பெட்டியின் எடை, சாப்பாடு... கடைசி வரி. சிறப்பு உதவி: பார்வையற்ற பயணி. வாசித்துவிட்டு அவளே நிறுத்திவிட்டாள். “அண்ணி, இது...” என்று என்னைப் பார்த்தாள். நான் கரண்டியோடு நின்றேன்.

அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. தாளை வாங்கி மடித்தார். நாலாக மடித்தார்.

“நானே இன்னும் என்கிட்ட சொல்லிக்கலை. நீ விமானத்துக்குச் சொல்லிட்டே” என்றார்.

எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். வெயிலில் காய்ந்த ஸ்வெட்டர் பீரோவுக்குள் போய்விட்டது.

மார்ச் 21, வெள்ளி

நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ரெண்டு விமானம் மாறணும். அந்தப் பெரிய கூடத்துல ஆயிரம் பேரு பெட்டியத் தள்ளிட்டு குறுக்கும் நெடுக்கும் போவான். எவனாவது ஓரத்துல இடிச்சு இவர் விழுந்தா யாரு பதில் சொல்றது? உதவிதானே கேட்டேன், பிச்சையா கேட்டேன்?

சாயங்காலம். காலையில் எழுதியதைப் படித்தேன். எல்லாம் சரிதான், ஆனால் கேட்டது யார்? நான். அவர் கேட்கவில்லை. என் பெயருக்கு நேராக யாராவது எனக்குச் சொல்லாமல் நாலெழுத்து அடித்தால் நான் சும்மா இருப்பேனா? அந்த மேசையையே கவிழ்த்திருப்பேன். அதிலும் அவர் குருடு என்ற சொல்லை வீட்டுக்குள் விடாமல் ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்தவர். நான் போய் அதை உலகம் முழுக்க அனுப்பிவிட்டு, நல்ல வேலை செய்ததாக டீ குடித்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். “சரி” என்றார். அந்தச் சரி எனக்குத் தெரியும். அதில் ஒன்றும் சரியில்லை.

மார்ச் 24, திங்கள்

நாலெழுத்தை நீக்கினேன். அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். வருகிறீர்களா என்றேன். இல்லை என்றார். முதல் முறையாக வாயைத் திறந்து இல்லை.

மார்ச் 29, சனி

முதலாளி நச்சரிக்கிறார். ஏப்ரல் பத்துக்குள் உறுதி சொல்லாவிட்டால் விசா மேசைக்காரரும் அவர் மனைவியும் போவார்களாம். போகட்டும். அந்த மனிதருக்கு லெசோத்தோவை வரைபடத்தில் தொட்டுக் காட்டத் தெரியாது, ஆனால் செல்ஃபி எடுக்கத் தெரியும்.

நான் தனியாகப் போகலாமே என்றாள் நாத்தனார். போகலாம்தான். இவரை நாற்காலியில் விட்டுவிட்டு நான் மலையேறி, வந்து படம் காட்டவா?

ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். 

எதிர்வீட்டில் மாடி கட்டுகிறார்கள். பத்து மணிக்கு மணல் லாரி வந்தது. எங்கள் தெரு ஒடுக்கம், பின்பக்கமாகத்தான் உள்ளே வரவேண்டும். லாரியின் உதவியாள் பின்னால் நின்றுகொண்டு, விளக்குக் கம்பத்துக்கும் எங்கள் மதிலுக்கும் நடுவில் கையை வீசிக்கொண்டிருந்தார். டிரைவர் போவார், நிற்பார், போவார், நிற்பார். பத்து நிமிடம் இன்ஜின் உறுமியது. நான் கேட்டில் நின்று எங்கள் மதில் தப்புமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம். திரும்புவதற்குள் அவர் என்னைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருவில் நிற்கிறார். தானாக, நூற்றெண்பது நாள் கழித்து. அந்த உதவியாளைப் பார்த்துச் சொன்னார்: “கையை எதுக்குய்யா வீசறே? கண்ணாடியில உன் கை தெரியுதா அவருக்கு? வாயைத் திறந்து சொல்லு.” அந்த ஆள் ஐம்பது வயதுக்காரர், முதலில் முறைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கம்பத்தடியில் நின்று குரல் கொடுத்தார். வரட்டும், வரட்டும், இடது ஒடி, நேரா, போதும். லாரி ஒரே மூச்சில் உள்ளே வந்துவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி இவருக்கு ஒரு சலாம் வைத்தார்.

மணலைக் கொட்டிவிட்டு லாரி போனது. அவர் அங்கேயே நின்றார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. வந்த வழியில் இப்போது மணல் சரிந்து கிடந்தது, செங்கல் இரண்டு கிடந்தது, கேட் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தால் தெருவே பார்க்கும். பிடிக்காவிட்டால் விழுவார்.

எப்படி வந்தது என்று தெரியாது. கேட்டில் நின்றபடியே, கொஞ்சம் முன்னால் லாரிக்காரர் கொடுத்த அதே குரலில், “வரட்டும்” என்றேன். அவர் தலை திரும்பியது. “வரட்டும், வரட்டும். வலது ஒடி. நேரா. கீழே செங்கல், தூக்கி வைங்க. வரட்டும்... போதும்.” வந்துவிட்டார். என் முன்னால் ஓரடி தூரத்தில் நின்றார். மேஸ்திரி சிரித்தார், புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்திருப்பார்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ரிவர்ஸ் எடுக்கும்போது எந்த டிரைவருக்கும் கண்ணு கிடையாது. குரலை நம்பித்தான் வரணும்” என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆபீசுக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு தெருக்கோடி வரை நடந்தேன். அவர் முன்னால், நான் ஓரடி பின்னால், வாய் ஓயாமல். இடது, நேரா, மேடு, நாய். எனக்கு அவசரத்தில் இடது வலது குழம்பும். மூன்று முறை மாற்றிச் சொன்னேன். ஒரு முறை முள்வேலிப் பக்கம் ஓட்டிவிட்டேன். உன்னை மாதிரி ஆள் கிடைத்திருந்தால் நான் முதல் வருடமே வண்டியை ஆற்றில் விட்டிருப்பேன் என்றார். பார்க்கிறவர்கள் நான் அவரை விரட்டிக்கொண்டு போவதாக நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும், இருபத்தாறு வருடமாக அப்படித்தானே நினைக்கிறார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் நான் கிளம்பும்போது, “அந்த விசா மேசைக்காரர்கிட்ட வேற ஊர் பார்த்துக்கச் சொல்லு” என்றார்.

ஆபீஸ் வரை பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

மே 11, ஞாயிறு

விமான நிலையத்தில், ஏறும் வாசலுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார், தூங்கவில்லை.

நான் போட்டிருந்த திட்டம்: கூட்டம் குறைந்த கவுன்ட்டராகப் பார்த்து நிற்பது, பேசவேண்டியதை நானே பேசுவது, அவரைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாமல் குரலிலேயே ஓட்டிக்கொண்டு போய்விடுவது. கவுன்ட்டரில் இருந்த பெண் அவர் பாஸ்போர்ட்டைத் திறந்தாள், திரையைப் பார்த்தாள், போனை எடுத்தாள். உதவிக்கு ஆள் கேட்டிருக்கிறீர்கள், இதோ வருகிறார் என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. நீக்கினேனே. என் கையால் நீக்கி, நீங்கிவிட்டதா என்று இரண்டு முறை பார்த்தேனே. கணினி எங்கோ பழையதைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணிடம் படபடவென்று பேச ஆரம்பித்தேன்: தப்பு, அப்படி ஒன்றும் நாங்கள் கேட்கவில்லை, நானும் இதே தொழில்தான், அந்தக் குறியீட்டை உடனே எடுங்கள். குரல் உயர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் என் முழங்கையைத் தொட்டார்.

“எடுக்கச் சொல்லாதே. அது நான் போட்டது.”

போன வாரம், நான் ஆபீசில் இருக்கும்போது, விமான நிறுவனத்துக்கு அவரே போன் செய்திருக்கிறார். புக்கிங் எண்ணை நாத்தனார் வாசித்திருக்கிறாள். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவளுக்குக் கட்டளை. அவள் வாயை ஒரு வாரம் மூடி வைத்திருந்தாள் என்பதே பெரிய அதிசயம். என்ன உதவி, என்ன காரணம் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள்.

“மூணு தடவை லைன் கட்டாச்சு. மூணு தடவையும் முதல்லேர்ந்து சொன்னேன், எனக்குக் கண்ணு தெரியலைன்னு. முதல் தடவை குரலே வரலை. மூணாவது தடவை சாதாரணமா வந்துடுச்சு.”

கவுன்ட்டர்ப் பெண் கீழே பார்த்துக்கொண்டு எதையோ அடித்தாள். நான் கைப்பையில் இல்லாத பேனாவைத் தேடினேன். உதவிக்கு வந்தவர் இவர் கையைப் பிடிக்க வந்தார். கையை விடுங்கள், முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வாருங்கள், அது போதும் என்றார் இவர். அவரும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு இடது வலது சொல்லும் வேலை இல்லாமல் கை வீசிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

டிப்போ நண்பர்களிடமும் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். திரும்பி வந்து நேரில் சொல்லப் போகிறாராம்.

மே 14, புதன்

கணவாய் உச்சியில், கல் வீட்டு விடுதி. நேற்று மத்தியானம் ஏறினோம். ஒரு நாட்டின் சோதனைச்சாவடி கீழே, இன்னொரு நாட்டினுடையது உச்சியில், நடுவில் அந்த ரோடு. கண்ணுக்கு விருந்து என்று முதலாளிக்கு எழுதவேண்டும், ஆனால் பாதி வழியில் மூடுபனி இறங்கிவிட்டது; நான் பார்த்தது கண்ணாடியில் வழிந்த தண்ணீரை. வண்டியில் இருந்த மற்றவர்கள் இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று முனகினார்கள். அவர் முன் இருக்கையில், டிரைவருக்குப் பக்கத்தில். ஒவ்வொரு வளைவுக்கும் விரலை மடக்கினார். இப்போ முதல் கியர், இப்போ பின் சக்கரம் கல்லில் வழுக்குது, இப்போ வெளிப்பக்கம் பள்ளம், காத்து மாறுது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். வளைவு எத்தனை என்பதில் அவருக்கும் டிரைவருக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. கை விரல்களிலேயே சண்டை போட்டார்கள்.

இன்று காலை எழுந்தால் பக்கத்தில் படுக்கை காலி. செருப்பு இல்லை. கதவு திறந்திருந்தது. அறிமுகமில்லாத இடம், முற்றத்தைத் தாண்டினால் சரிவு. சால்வையைக் கூடப் போடாமல் ஓடினேன்.

பனி விலகியிருந்தது. புல் முழுக்க வெள்ளையாக உறைந்து, அதற்கு அப்பால் மலைக்குப் பின் மலை. முற்றத்தின் அந்தக் கோடியில் வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவரும் இவரும். டிரைவர் தோளில் கம்பளி போர்த்தியிருந்தார். இவரை “ந்தாதே” என்று கூப்பிடுகிறார். அப்பா என்று அர்த்தமாம், பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இவருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவர் மொழி தெரியாது. பிரேக், கியர், கிளட்ச் என்ற மூன்று சொல்லில் பேச்சு ஜோராக நடந்தது. இவர் குனிந்து, உள்ளே கையை விட்டு எதையோ தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்புறம் அறைப் பக்கம் திரும்பினார். நடுவில் முப்பது அடி. மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன, ஒரு வாளி இருந்தது, கம்பியில் துணி தொங்கியது. நான் கதவு நிலையில் நின்றேன். வலது ஒடி என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது. அவருக்கு நான் நிற்பது தெரியாது. கூப்பிடவுமில்லை.

வாயை இறுக மூடிக்கொண்டேன். கட்டைகளைக் கையால் தடவிச் சுற்றிக்கொண்டு வந்தார். வாளியை உதைத்தார், வாளியையும் அதை வைத்தவரையும் ஒரே வார்த்தையில் திட்டினார். நின்றார், தலையைச் சாய்த்து எதையோ கேட்டார், கொஞ்சம் இடது பக்கம் திருத்திக்கொண்டு வந்தார். துணி முகத்தில் பட்டது, ஒதுக்கினார். படியைக் காலால் தேடிக் கண்டுபிடித்து ஏறினார். என்மேலேயே இடித்துக்கொண்டார்.

“எழுந்துட்டியா?” என்றார். “ரெண்டு டீ சொல்லியிருக்கேன். சொன்னது அவங்களுக்குப் புரிஞ்சுதான்னு தெரியலை.”